லா காலேஜ் சாய்ஸ் லிஸ்ட் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் போடுங்க

சட்டப் படிப்புக்கு அட்மிஷன் நடத்துற அதிகாரிங்களுக்கும், அரசு சட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும், தனியார் சட்டக் கல்லூரி நடத்துற முதலாளிங்களுக்கும், இந்த மடல் கடைசியா எந்த டேபிள்ல போய் படுக்குமோ அந்த டேபிள்ல உக்காந்திருக்கவருக்கும் வணக்கம்.

நான் அருப்புக்கோட்டைல பிராக்டிஸ் பண்ற வக்கீல். பெரிய ஆள்லாம் இல்ல. காலைல உள்ளூர் கோர்ட்டு, செஷன்ஸ் கேஸ் இருந்தா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு (மாவட்டத்துக்கு பேரு விருதுநகர், கலெக்டர் ஆபீஸும் விருதுநகர், ஆனா ஜில்லா கோர்ட்டு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல, வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க). எங்க குடும்பத்துல கறுப்பு கோட்டு போட்ட மொத ஆளு நான். அதனால சொந்தத்துல யாரு வீட்டுப் பிள்ளையாவது சட்டம் படிக்கணும்னு வாயத் தொறந்தா அடுத்த போன் எனக்கு தான் வரும்.

இந்த தடவை வந்தது எங்க அக்கா மக. பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு, 600க்கு 521. நர்சிங், பி.காம்னு வீட்ல ஆளுக்கு ஒன்னு சொல்லிட்டு இருக்கும்போது அவ பாட்டுக்கு "லா தான் படிப்பேன்"னு சொல்லிட்டா. அவங்க அப்பத்தா "வக்கீலுக்கு படிச்ச பொண்ண எவன் கட்டுவான், பேசியே ஜெயிச்சிருவாளே"ன்னு ஆரம்பிச்சாங்க, அது தனிக் கதை. மறுநாள் சாயங்காலம் ஒரு நாப்பது பக்க நோட்ட தூக்கிட்டு என் ஆபீஸுக்கே வந்துட்டா. நடுப்பக்கத்துல ஸ்கேல் வச்சு கோடு போட்டிருக்கா. காலேஜ் பேரு, ஊரு, நம்ம வீட்ல இருந்து எத்தனை கிலோமீட்டர், லேடீஸ் ஹாஸ்டல், பக்கத்துல எந்த கோர்ட்டு, டீச்சர் எத்தனை பேரு. தூரத்த கூகுள் மேப்ல பாத்து நெரப்பிட்டா, ஹாஸ்டல் கட்டத்துல பாதி கேள்விக்குறி, டீச்சர் கட்டம் மேல இருந்து கீழ வரைக்கும் காலி. "மாமா, இத எங்க பாக்குறது? நீங்க வக்கீல் தானே, உங்களுக்கு தெரியும்ல?"னு கேட்டா.

எனக்கு தெரியலைங்க. பன்னெண்டு வருஷமா கோர்ட்ல நிக்கிறேன், தெரியல. அந்த காலி கட்டத்துக்காக தான் இந்த மடல்.

அவ கேட்டதும் எனக்கு என் கவுன்சிலிங் ஞாபகம் வந்துருச்சு. அப்பல்லாம் ஆன்லைன் இல்ல, நேர்ல தான் போகணும். அப்பா தறி ஓட்டுறவரு, ஒரு நாள் கூலிய விட்டுட்டு என் கூட ராத்திரி பஸ்ல சென்னைக்கு வந்தாரு. ஹால்ல எந்த காலேஜ்ல எத்தனை சீட்டு மிச்சம்னு ஓடிட்டு இருக்கு, என் நம்பர கூப்பிட்டாங்க, உள்ள போனா "எந்த காலேஜ் தம்பி, சீக்கிரம் சொல்லு"ங்கிறாங்க, பின்னாடி வரிசை நிக்குது. நான் அப்பாவ பாக்குறேன், அப்பா ஸ்கிரீன பாக்குறாரு, அவருக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஓடல. காதுகிட்ட வந்து ஒன்னே ஒன்னு தான் கேட்டாரு, "இதுல எந்த ஊருக்குப்பா நம்மூர்ல இருந்து நேர் பஸ் இருக்கு?" அவ்ளோ தாங்க. என்னோட அஞ்சு வருஷத்த முடிவு பண்ணது டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் டைம் டேபிளு. எந்த காலேஜ்னு இங்க சொல்லல, சொல்லியும் பிரயோசனம் இல்ல, அங்க படிச்ச எல்லாரும் வீணாவும் போகல.

ஆனா அங்க என்ன இருந்துச்சு என்ன இல்லன்னு சொல்லியே ஆகணும். சொத்து மாற்றுச் சட்டம்னு ஒரு பேப்பர் இருக்கே, அடமானம், கிரயம், குத்தகை, தானம் எல்லாம் வர்ற பேப்பரு, அதுக்கு எங்க செமஸ்டர் பூரா ஆளே இல்ல. கடைசி ஒரு மாசம் ஒரு கெஸ்ட் லெக்சரர் வந்தாரு, நல்ல மனுஷன், பாவம் அவருக்கு சம்பளம் எப்ப வரும்னே தெரியாது, பத்து கிளாஸ்ல மொத்த சட்டத்தையும் ஓட்டிட்டு போனாரு. பரீட்சைக்கு சீனியர் எழுதி வச்ச நோட்ஸ் ஜெராக்ஸ், அந்த சீனியருக்கு அவரோட சீனியர் குடுத்தது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே மங்கிப்போய் இருக்கும். பாஸ் பண்ணிட்டேன். வேடிக்கை என்னன்னா இன்னைக்கு எனக்கு சோறு போடுறது அதே சட்டம் தான். எங்க மாதிரி ஊர் கோர்ட்ல வர்ற சிவில் கேஸ்ல முக்காவாசி நிலத் தகராறு தான், பாகப்பிரிவினை, வரப்பு தகராறு, அடமானம், கிரயம் பண்ணித் தர்றேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டு ஏமாத்துனது.

பிராக்டிகல் பேப்பர் கதைய கேட்டா சிரிப்பீங்க. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட (வக்கீலுக்கும் சட்டப் படிப்புக்கும் விதி போடுற அமைப்பு) 2008 சட்டக் கல்வி விதிகள்ல தெளிவா இருக்கு, ஒரு சிவில் கேஸு ஒரு கிரிமினல் கேஸு ரெண்டையும் மாணவன் கோர்ட்ல உக்காந்து விசாரணைய பாத்து ரெக்கார்டு எழுதணும், மூட் கோர்ட்டும் (கோர்ட்டு மாதிரியே வாதாடிப் பழகுறது) பண்ணணும், ரெண்டுக்கும் தனித்தனியா மார்க்கு. நாங்களும் ரெக்கார்டு எழுதுனோம். எப்படி? பழைய ரெக்கார்டு நோட்ட பாத்து. நான் "நேர்ல கவனிச்சதா" எழுதுன கிரிமினல் கேஸு நடந்தப்ப நான் எட்டாங்கிளாஸ்ல இருந்தேன். யாரும் கேக்கல, கையெழுத்து விழுந்துருச்சு.

அப்புறம் வக்கீலா என்ரோல் பண்ணி (பதிவு பண்ணி) சீனியர்கிட்ட சேந்த மொத வாரம் அவரு "ஒரு ஐஏ போட்ருப்பா"ன்னாரு. நான் "ஐஏன்னா என்ன சார்"னு கேட்டேன். அவரு என்ன பாத்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. இடைக்கால மனுன்னு அதுக்கப்புறம் எனக்கு சொல்லிக் குடுத்தது சீனியர் இல்ல, அவரோட குமாஸ்தா அண்ணன். பத்தாங்கிளாஸ் படிச்சவரு. பிராதுல சொத்து விவரத்துல நாலு எல்லையும் பத்திரத்தோட ஒத்துப் போகுதா, கோர்ட் ஃபீஸ் சரியா கட்டியிருக்கா, வக்காலத்துல கட்சிக்காரர் கையெழுத்து வாங்கியாச்சா, எந்த செக்ஷன்ல யார்கிட்ட நம்பர் வாங்கணும், வாய்தா கேக்கும்போது ஜட்ஜ் ஐயா மொகத்த பாத்து எப்ப வாயத் தொறக்கணும், எல்லாம் அவரு சொல்லிக் குடுத்தது தான். அஞ்சு வருஷம் காலேஜ் குடுக்காதத அந்த மனுஷன் ஆறு மாசத்துல குடுத்தாரு. அவருக்கு என் நன்றி எப்பவும் உண்டு, ஆனா அவர நம்பியா அரசாங்கம் ஒரு படிப்ப நடத்துறது?

இத பழைய புலம்பல்னு ஒதுக்கிடாதீங்க, இப்ப வர்ற பிள்ளைக்கும் இதே நிலைமை தான், என்ன வித்தியாசம்னா அந்த ஹால்ல நின்னத இப்ப ஈ-சேவை மையத்துல உக்காந்து பண்றாங்க. அங்க இருக்க தம்பி "அக்கா, எந்த காலேஜ் மொதல்ல, எது அடுத்து, ஆர்டர் சொல்லுங்க"ங்கிறான், பின்னாடி சாதி சர்ட்டிபிகேட்டுக்கு ஆளு நிக்குது, காலேஜ் பேரும் ஊர் பேரும் போன வருஷ கட் ஆஃபும் தான் கைல இருக்கு. கட் ஆஃப் என்ன சொல்லும்? போன வருஷம் எத்தனை பேரு அந்த காலேஜ ஆசப்பட்டாங்கன்னு சொல்லும், அங்க பாடம் நடக்குதான்னு சொல்லாது. கூட்டமா இருக்க ஹோட்டல்ல சோறு நல்லா தான் இருக்கும்னு உள்ள போற கணக்கு தான் இது, அந்தக் கூட்டமே முந்தின வருஷ கூட்டத்த பாத்து வந்ததா கூட இருக்கலாம்.

இன்னொன்னு, பேரு. எங்க அத்தானுக்கு பொண்ணு "சென்னை லா காலேஜ்"ல தான் படிக்கணும்னு ஆச. அவரு மனசுல இருக்கறது பாரிமுனைல ஹைகோர்ட்ட ஒட்டி இருந்த அந்த செவப்பு கட்டடம், 1891ல ஆரம்பிச்ச காலேஜு. கிளாஸ் முடிஞ்சா நடந்தே ஹைகோர்ட்டுக்குள்ள போய் பெரிய பெரிய வக்கீலுங்க வாதாடுறத கேக்கலாம்னு பழைய ஆளுங்க பெருமையா சொல்வாங்க, உண்மை தான். ஆனா 2008ல அங்க மாணவர்களுக்குள்ள நடந்த அந்த கொடுமையான மோதலுக்கு அப்புறம் விசாரணை கமிஷன், இட மாத்தம்னு போய், 2018ல இருந்து அந்த காலேஜு ரெண்டா பிரிஞ்சு ஒன்னு புதுப்பாக்கம், இன்னொன்னு திருவள்ளூர் தாண்டி பட்டரைப்பெரும்புதூர். நான் மேப்ப பெருசு பண்ணி காட்டுனதும் அத்தான் கண்ணாடிய தூக்கி விட்டுட்டு பாத்துட்டு, "என்னப்பா இது திருத்தணி பக்கத்துல இருக்கு, இதுக்கா நாங்க இவ்ளோ நாளா மெட்ராஸ் மெட்ராஸ்னோம்?"ங்கிறாரு. அங்க கட்டடம் புதுசு, வசதி நல்லாருக்குன்னும் சொல்றாங்க, நான் அத குறை சொல்லல. ஆனா அங்கருந்து ஹைகோர்ட்டு அம்பது கிலோமீட்டருக்கு மேல. அது தெரிஞ்சு சேர்றது வேற, போய் இறங்குன பெறகு தெரிஞ்சுக்கறது வேற.

தமிழ்நாட்டுல இப்ப அரசு சட்டக் கல்லூரி மட்டும் 15 இருக்கு. மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, செங்கல்பட்டு, வேலூர்னு ஏற்கனவே இருந்தது, அப்புறம் விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், அதுக்கடுத்து சேலம், நாமக்கல், தேனி, கடைசியா காரைக்குடி. ஊருக்கு ஊரு காலேஜ் வந்தது பெரிய விஷயம், நான் மனசார சொல்றேன், ராமநாதபுரத்துல காலேஜ் வரலன்னா அந்தப் பக்கத்து கிராமத்துல எத்தனையோ பொம்பளப் பிள்ளைங்க சட்டப் புத்தகத்த தொட்டே இருக்காதுங்க. கட்டணமும் அரசு காலேஜ்ல சில ஆயிரத்துல முடிஞ்சிரும், தறிக்காரர் மகனுக்கு வேற எந்த தொழில் படிப்பு இந்த விலைக்கு கெடைக்கும். ஆனா பதினஞ்சும் ஒன்னு இல்லைங்க. முப்பது நாப்பது வருஷமா நடக்குற காலேஜுக்கும் நேத்து வந்த காலேஜுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், புதுசுல சில விஷயம் நல்லாவும் இருக்கும், பழசுல சில விஷயம் செல்லரிச்சும் கெடக்கும். எதுல எதுன்னு தான் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரியும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு, அதான் கிளாட், அது பத்தி ஒரு வரி சொல்லிட்டு நகர்றேன். திருச்சி நாவலூர் குட்டப்பட்டுல தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கு, நம்ம மாநிலத்து காசுல கட்டுனது, அதுக்கு போகணும்னா கிளாட் எழுதணும். 120 கேள்வி, ரெண்டு மணி நேரம், முழுக்க இங்கிலீஷ், அப்ளிகேஷன் மட்டும் பொதுப் பிரிவுக்கு ₹4,000. இதுல ரொம்ப கஷ்டமானது கேள்வி இல்ல, தேதி. இப்ப அது டிசம்பர் மொத வாரத்துல நடக்குது, அதாவது பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கே முன்னாடி. எங்க பிள்ளைங்க லா படிக்கலாமான்னு யோசிக்கறதே மே மாசம் ரிசல்ட் வந்த பெறகு. அந்தக் கதவு சாத்தி அஞ்சு மாசம் ஆயிருக்கும். என் அக்கா மகளுக்கு கிளாட்ங்கிற வார்த்தையே நான் சொல்லித்தான் தெரியும், அன்னைக்கு அவ மொகம் போன போக்கு இருக்கே. பிளஸ் ஒன்லயே ஸ்கூல் போர்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டுனா போதும், அதுக்கு பட்ஜெட்டா வேணும்?

சரி, நான் கேக்குறது என்ன. சாய்ஸ் ஃபில்லிங் (எந்த காலேஜ் வேணும்னு பிள்ளைங்க வரிசையா குறிச்சுக் குடுக்குறது) தொறக்குறதுக்கு பதினஞ்சு நாள் முன்னாடி ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரே ஒரு பக்கம், தமிழ்ல, தேதி போட்டு, முதல்வர் கையெழுத்து போட்டு வெளியிடுங்க. பளபளன்னு புரோஷர் வேணாம், நூலகத்து முன்னாடி பிள்ளைங்க சிரிச்சுட்டு நிக்கிற போட்டோ வேணாம்.

அந்தப் பக்கத்துல மொத விஷயம் ஆளு. அனுமதிச்ச பணியிடம் எத்தனை, அதுல நிரந்தரமா எத்தனை பேரு இருக்காங்க, கெஸ்ட் எத்தனை பேரு, எந்த எந்த பாடத்துக்கு ஆளே இல்ல. இது தான் உயிர். ஆசிரியர் பத்தாக்குறை இருக்குங்கிறது ரகசியம் ஒன்னும் இல்ல, 2025 ஆரம்பத்துல ஆசிரியர் தேர்வு வாரியமே சட்டக் கல்லூரிகளுக்கு 132 பேர எடுக்க அறிவிப்பு விட்டுச்சு. இத்தனை இடம் காலின்னு மொத்தமா சொல்ல முடிஞ்ச அரசாங்கத்துக்கு அந்த காலி எந்த ஊர்லன்னு சொல்றதுல என்ன வலி? போன வருஷம் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிளாஸ் நடந்துச்சுன்னும் போடுங்க. மாணவன் 70 சதவீதம் வருகை இல்லன்னா பரீட்சை எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு, சரி, நூறு கிளாஸ் நடந்தா எழுபதுக்கு வரணும், பத்து கிளாஸ் தான் நடந்துச்சுன்னா ஏழு நாள் வந்தவன் நல்ல மாணவனா? மாணவனோட அட்டெண்டன்ஸ மட்டும் எடுத்தா எப்படி, காலேஜோட அட்டெண்டன்ஸையும் எடுக்கணும்ல.

ரெண்டாவது, கோர்ட்டு. காலேஜ்ல இருந்து ஜில்லா கோர்ட்டு எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா, போன வருஷம் மாணவங்கள எத்தனை நாள் கூட்டிட்டு போனீங்க. மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம், அஞ்சு வருஷப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு அதே 2008 விதி சொல்லுது. அந்த இன்டர்ன்ஷிப்புக்கு காலேஜ் வக்கீல ஏற்பாடு பண்ணித் தருதா, இல்ல "நீயே யாரையாவது பாத்து லெட்டர் வாங்கிட்டு வா"ன்னு அனுப்புதா. வக்கீல் அப்பா இருக்க வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு போன் கால். எங்க வீட்டுப் பிள்ளை எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கும்? என்ன கேட்டா, பெரிய கேம்பஸ விட பக்கத்துல ஓடுற ஒரு கோர்ட்டு தான் முக்கியம்னு சொல்வேன். மதுரைல படிக்கிறவனுக்கு ஜில்லா கோர்ட்டும் கிட்ட, 2004ல இருந்து ஹைகோர்ட் கிளையும் மேலூர் ரோட்லயே இருக்கு, லீவு நாள்னா தான் மூடியிருக்கும், மத்தபடி பின் பெஞ்சுல உக்காந்து வாதம் நடக்குறத பாக்கலாம். கார்ப்பரேட் பக்கம் போகணும்ங்கிற பிள்ளைக்கு இந்த கணக்கு பொருந்தாது, அதுக்கு வேற பார்வை வேணும், எனக்கு அந்த உலகம் அவ்வளவா தெரியாது.

மூணாவது, மொழி. கீழ் கோர்ட்டு தமிழ்ல நடக்குது, ஹைகோர்ட்டு இங்கிலீஷ்ல நடக்குது, வக்கீலுக்கு ரெண்டு காலும் வேணும். தமிழ் வழில படிச்சு வர்ற பிள்ளைக்கு அங்க தமிழ்ல நடத்துவாங்களா, லைப்ரரில தமிழ் புத்தகம் எந்த வருஷத்து புத்தகம்? 2024 ஜூலை 1ல இருந்து இந்திய தண்டனைச் சட்டம் போயி பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தாச்சு, 511 பிரிவு இருந்தது 358 பிரிவா மாறியாச்சு, 420ங்கிறது 318க்குள்ள போயிருச்சு, 302 போட்டு மெரட்டுன சினிமாக்காரங்களே இனி 103ன்னு வசனம் எழுதணும். அலமாரில பழைய புத்தகமே நிக்கிற லைப்ரரிய நம்பி சேர்றவன் படிச்சத மறுபடி படிக்கணும். அதோட இங்கிலீஷ்ல தடுமாறுறவங்களுக்கு மொத வருஷத்துல எக்ஸ்ட்ரா கிளாஸ் உண்டா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லிடலாம்.

ஹாஸ்டல் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பொம்பளப் பிள்ளைக்கு காலேஜ செலக்ட் பண்றது அவ இல்ல, ஹாஸ்டல் தான். "ஹாஸ்டல் வசதி உண்டு"ன்னு ஒரு வரி போட்டுட்டு போயிடுறாங்க. எத்தனை பெட்டு, மொத வருஷப் பிள்ளைக்கு கெடைக்குமா, அட்மிஷன் முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சு கெடைக்கும், காலேஜ் கேம்பஸ்லயா ஊருக்குள்ளயா, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. எங்க அக்கா கேட்டது இது மட்டும் தான். "வாத்தியார் இல்லன்னா அவளே படிச்சுக்குவா, ராத்திரி எங்க படுப்பா?"ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல. இன்னொன்னு, டாய்லெட். கூச்சப்படாம போடுங்க, தண்ணி வருதா இல்லையான்னு.

மத்தபடி எத்தனை பேரு சேந்தாங்க, அதுல எத்தனை பேரு அரியர் இல்லாம குறிச்ச வருஷத்துல வெளிய வந்தாங்க, எத்தனை பேரு என்ரோல் பண்ணி ஏஐபிஇ (அகில இந்திய பார் தேர்வு) தேறுனாங்க, அத எல்லாம் போட்டா சந்தோஷம்.

இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு சொல்லணும்னு கேக்கலாம். அங்க தான் நான் வக்கீலா பேச வேண்டியிருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. எல்லாரும் அதுல மனு போட்டு கேக்குற பிரிவு 6 மட்டும் தான் ஞாபகம் வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடியே பிரிவு 4னு ஒன்னு இருக்கு. யாரும் கேக்காமலே பொது அதிகார அமைப்பு தானா வெளியிட வேண்டியது என்னென்னன்னு அதுல பட்டியலே இருக்கு, அலுவலர்கள், பணியாளர்கள் விவரமும் அதுல ஒன்னு. அரசு காலேஜும் அதுக்குள்ள வருது. அப்ப என் அக்கா மக நோட்டுல அந்த கட்டம் காலியா இருக்கக் கூடாது. சட்டம் சொல்லிக் குடுக்குற இடத்துல சட்டத்துல ஒரு பிரிவு நடக்கலன்னா, அத பாடமா நடத்தும்போது வாத்தியாருக்கே சிரிப்பு வராதா? மனு போட்டு கேட்டுக்கோன்னு சொல்லலாம், போடலாம், ஆனா பதில் சொல்ல 30 நாள் டைம் இருக்கு, பதில் வர்றதுக்குள்ள சாய்ஸ் லாக் ஆகி அலாட்மென்ட் வந்து பிள்ளை டிரங்கு பெட்டிய கட்டியிருக்கும்.

உங்க பக்கம் ஒரு பயம் இருக்கும், எனக்கு புரியுது. ஆளில்லன்னு எழுதிப் போட்டா அந்த காலேஜுக்கு யாரும் வர மாட்டாங்க, எல்லாரும் ரெண்டு மூணு காலேஜுக்கே ஓடுவாங்கன்னு. ஓட மாட்டாங்கங்க. சீட்ட விட கேக்குற ஆளு ஜாஸ்தி, எல்லா காலேஜும் நெறையும். என்ன மாறும்னா, தெரிஞ்சு வருவாங்க. சொத்து மாற்றுச் சட்டத்துக்கு ஆளில்லன்னு மொத நாளே தெரிஞ்சா, அதுக்கு என்ன வழின்னு அஞ்சு வருஷம் டைம் இருக்கு. எங்களுக்கு அது மூணாவது வருஷம் செமஸ்டர் பாதில தெரிஞ்சுது. அதோட ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கத்துல "காலி, காலி"ன்னு வந்தா, ஃபைல நகர்த்த உங்களுக்கே அது ஒரு பிடி தானே. முதல்வருங்க பாதிப் பேரு இத மனசுக்குள்ள வரவேற்பாங்கன்னு தான் நான் நெனைக்கிறேன், அவங்க எத்தனை லெட்டர் எழுதியிருப்பாங்களோ.

தனியார் காலேஜுக்கும் இதே பக்கம் வேணும், இன்னும் கண்டிப்பா வேணும், ஏன்னா அங்க லட்சத்துல கட்டுறாங்க. அவங்க புரோஷர்ல மூட் கோர்ட் ஹால் அட்டகாசமா இருக்கும், தேக்கு மர மேசை, சுத்தியல் வேற வச்சிருப்பாங்க (இந்தியாவுல எந்த ஜட்ஜும் சுத்தியல் தட்ட மாட்டாருன்னு அந்த டிசைனருக்கு யாராச்சும் சொல்லுங்களேன்). அந்த ஹால்ல வருஷத்துக்கு எத்தனை நாள் லைட் எரிஞ்சுதுன்னு போடட்டும். வெளி மாநிலத்துல சேந்து கிளாஸ் பக்கமே போகாம டிகிரி வாங்கிட்டு வர்ற "லெட்டர் பேடு காலேஜ்" விவகாரத்துல நம்ம ஹைகோர்ட்டே எத்தனை தடவை காட்டமா பேசியிருக்கு. 2025 ஆகஸ்ட்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியா மூணு வருஷத்துக்கு புது சட்டக் கல்லூரிக்கே அனுமதி இல்லன்னு நிறுத்தி வச்சிருக்கு, தரம் கெட்டுப் போச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி தானே. புதுசு வர்றத நிறுத்துன இந்த மூணு வருஷத்துல இருக்கறதோட நெலமைய வெளிய எழுதிப் போடலாம்ல.

இது ஏன் இப்ப இவ்ளோ அவசரம்னா, காலம் மாறிப்போச்சு. முன்னாடி படிச்ச கையோட ஜட்ஜ் பரீட்சை எழுதலாம்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு, காலேஜ் சரியில்லன்னாலும் வீட்ல உக்காந்து படிச்சு சிவில் ஜட்ஜ் ஆனவங்க உண்டு. 2025 மே 20ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்துருச்சு, சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு குறைஞ்சது மூணு வருஷம் பிராக்டிஸ் வேணும். நல்ல தீர்ப்பா கெட்ட தீர்ப்பான்னு எங்க வக்கீல் சங்கத்துல டீக்கடை சண்டையே நடந்துச்சு, நான் நல்லதுன்னு தான் சொல்வேன், ஆனா அர்த்தம் என்னன்னு பாருங்க. ஜட்ஜ் ஆகணும்ங்கிற பிள்ளையும் மொதல்ல மூணு வருஷம் பிராக்டிஸ்ல நிக்கணும், எங்க மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஒரு சீனியர் ஆபீஸ் தான். ஜூனியருக்கு என்ன குடுக்குறாங்கன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நகரத்துல மாசம் ₹20,000, கிராமப்புறத்துல ₹15,000 குடுங்கன்னு 2024ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியா சர்க்குலர் விட்டுச்சு, எங்க பக்கம் பல ஆபீஸ்ல பஸ் காசும் மத்தியான சாப்பாடும் தான். ஐஏன்னா என்னன்னு தெரியாம போற ஜூனியருக்கு யாரு காசு குடுப்பா? வேல தெரிஞ்சு போனா தான் கேக்க வாய் வரும். அந்த வேலைய பாதியாவது காலேஜ் சொல்லிக் குடுத்து அனுப்பணும். என்ரோல்மென்ட் ஃபீஸ பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி எஸ்டிக்கு 125க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப நாங்கல்லாம் சந்தோஷப்பட்டோம், வாசல்ல கட்டணம் கொறஞ்சிருச்சு, உள்ள போனா நிக்க தெம்பு வேணும்ல.

அக்கா மக லிஸ்ட்டு இப்போதைக்கு மதுரை, திருநெல்வேலி, காரைக்குடி, ராமநாதபுரம், தேனின்னு நிக்குது. சென்னை பெருங்குடில இருக்க சீர்மிகு சட்டப் பள்ளி ஹானர்ஸுக்கும் தனியா அப்ளிகேஷன் போட்டாச்சு, மார்க்கு பத்துமான்னு பாக்கணும். மதுரைய மொதல்ல வச்சதுக்கு காரணம் கோர்ட்டு கிட்ட இருக்குன்னு நான் சொன்னது, அத்தான் ஒத்துக்கிட்டதுக்கு காரணம் வேற. "அம்பது கிலோமீட்டரு தானே, நேர் பஸ் இருக்குல்ல"ன்னு கேட்டாரு. எங்க அப்பா கேட்ட அதே கேள்வி.

அவ அந்த நோட்ட என் மேசைலயே விட்டுட்டு போயிட்டா. டீச்சர் கட்டம் இன்னும் காலியா தான் இருக்கு. நானும் ஒரு மனு தயார் பண்ணி வச்சிருக்கேன், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் ஒட்டியாச்சு, 15 காலேஜுக்கும் தனித்தனியா. குமாஸ்தா அண்ணன் தான் கவர்ல அட்ரஸ் எழுதிக் குடுத்தாரு. லிஸ்ட் தொறக்குற தேதிய நீங்க அறிவிச்ச அன்னைக்கு பாக்குறேன், அந்த ஒரு பக்கம் இல்லன்னா மறுநாள் காலைல போஸ்ட் ஆபீஸ் தொறந்ததும் ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிருவேன்.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டை வக்கீல் ஒருத்தன்,
நோட்டுக்காரியோட தாய்மாமன்